மெத்தையில் நிற்பவர்கள்

எலோய் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினான். பாதிப் படியில் சுவரில் கையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினான்.

"என்னடா, அதுக்குள்ள நின்னுட்ட?" என்றார் தாமாசோ, மகனின் கழுத்தை இடது கையால் கட்டிக்கொண்டபடியே.

"கால் ஒடிஞ்ச நாள்லேருந்து உக்காந்து தின்னுட்டு இருக்கியே, அந்தக் கனம் எங்க போகும்? நம்ம பன்னி கூட நவம்பர் வந்தாத்தான் இந்த எடைக்கு வரும்."

"பேசாம ஏறு. இங்க உருண்டோம்னா உங்கம்மா ரெண்டு பேரையும் சேர்த்து உப்புல போட்டுருவா."

அந்த வீட்டு மாடிப்படி மனிதர் ஏறுவதற்குக் கட்டியதா, ஆடு ஏறுவதற்குக் கட்டியதா என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு செங்குத்து. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாத குறுகல் வேறு. ஏப்ரலில் ஊர்ப் பொதுக்காட்டில் விறகு வெட்டப் போன இடத்தில் ஒரு கருவாலி மரத்துண்டு உருண்டு வந்து தாமாசோவின் காலில் ஏறியது. தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. வலது தோளையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். படுக்கையை அடுப்படிக்கே இறக்கியாயிற்று. அன்றிலிருந்து அவர் பார்த்த உலகமெல்லாம் அடுப்பு, பூனை, மனைவி காசில்தாவின் முதுகு. ஆனால் இன்று புனித மரீனாவின் திருநாள். இன்றைக்கும் அடுப்படியில் கிடப்பதற்குச் செத்தே போகலாம் என்று ஒரு வாரமாக முணுமுணுத்து, கடைசியில் மகனைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

எலோய் அவரை மரப் பால்கனியில் பிரம்பு நாற்காலியில் இறக்கி, ஒடிந்த காலை முக்காலியின் மேல் தூக்கி வைத்தான். பால்கனிக்கு நேர் கீழே சரிவு. மேலே இடது பக்கம் கோயில் வாசல், கீழே வலது பக்கம் ஊற்றுத் தொட்டி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கல் பாவிய தெருவுக்கு இந்த ஊரில் வேறு பெயர் கிடையாது. சரிவு, அவ்வளவுதான்.

"மெத்தையில யாரு நிக்கிறா?" என்று கேட்டார் தாமாசோ.

"வழக்கமா நிக்கிறவங்கதான்."

"வழக்கமா நிக்கிறவன் நான். நான் இங்க நாற்காலியில கிடக்கேன்."

"அபுந்தியோ மாமா இருக்காரு. பேக்கரிக்காரரு இருக்காரு. உன்ன விட்டா ஊர்ல நெஞ்சு உள்ளவன் எவனும் இல்லையா?"

"அபுந்தியோகிட்ட கேட்டியா?"

"இதையெல்லாம் யாராவது கேப்பாங்களா அப்பா?" எலோய் சிரித்தான். போகும்போது அப்பாவின் மாவுக்கட்டில் விரலால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவன் சொன்னது உண்மை. மெத்தையில் யார் நிற்பது என்று இந்த ஊரில் எவரும் எவரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

திருநாள் பூசை முடிந்ததும் எட்டுப் பையன்கள் முழங்கால் உயரப் பொய்க்காலில் ஏறி, மஞ்சள் பாவாடை கட்டி, இரண்டு கையிலும் தாளக்கட்டையோடு கோயில் வாசலில் நிற்பார்கள். மேளம் கொட்டியதும் ஒவ்வொருவனாகப் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்குவான். எதற்கு என்று கேட்டால் மரீனாவுக்கு நேர்ந்துகொண்டது என்பார்கள். என்ன நேர்ச்சை என்று கேட்டால் கையில் ஒரு கோப்பை ஒயினைக் கொடுத்து வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் ஒரு விஷயம் கைக்குழந்தைக்கும் தெரியும். சுற்ற ஆரம்பிப்பது ஆடுகிறவன் கையில் இருக்கிறது. நிற்பது அவன் கையில் இல்லை. அந்தச் சரிவில், அந்த வேகத்தில், தலை கிறுகிறுத்து வருகிறவனால் தானாக நிற்கவே முடியாது. அவனை நிறுத்துவது கீழே நெருக்கிக்கொண்டு நிற்கும் ஊர் ஆண்களின் நெஞ்சு. அதற்குத்தான் மெத்தை என்று பெயர். மெத்தைக்குப் பின்னால் ஊற்றுத் தொட்டி இருக்கிறது, அது கருங்கல்.

மெத்தையில் நிற்பதற்கு ஒரு முறை உண்டு. கையை நீட்டிப் பிடிக்கப் போகக் கூடாது. நீட்டினால் நீட்டியவன் மணிக்கட்டும் போகும், வருகிறவன் விலாவும் போகும். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஒரு காலை முன்னே வைத்து, நெஞ்சைக் கொடுக்க வேண்டும். பின்னால் நிற்பவன் உன் முதுகைத் தாங்குவான். வந்து மோதுகிறவனோடு ஓரடி பின்வாங்கி, அவனை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். தாமாசோ கல்யாணத்துக்கு முந்தியே முதல் வரிசைக்கு வந்தவர். போன வருஷம் எலோய் முதல் தடவையாக ஆடி இறங்கியபோது நேராக அவர் நெஞ்சில்தான் வந்து விழுந்தான். அன்றைக்கு விழுந்த நீலம் பாரித்த தடத்தை ஒரு மாதம் சட்டையைத் தூக்கித் தூக்கி ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

போன வருஷம் இன்னொன்றும் நடந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் ஊருக்கு யோகம் அடித்தது. குளிர்காலத்தில் புகைபோக்கியில் புகை தெரியும் வீடுகளை ஒரு குழந்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஊருக்கு இன்று பேருந்து பேருந்தாக ஜனம். பால்கனி உள்ளவன் பால்கனியை வாடகைக்கு விட்டான். புல்வெளி உள்ளவன் கார் நிறுத்த விட்டான். மற்றவர்கள் பாலாடைக்கட்டி, தேன், மிளகாய்த்தூள் போட்ட பன்றிக் குடல்கறி என்று ஆளுக்கொரு கடை விரித்தார்கள். விற்க ஒன்றுமே இல்லாத ஃபாபியான் கிழவன் தன் கழுதையை வாசலில் கட்டி, அதன் காதில் ஒரு பூவைச் செருகி, பக்கத்தில் தொப்பியை மல்லாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். மதியத்துக்குள் தொப்பி நிறைந்துவிட்டது என்றார்கள். கழுதைக்கு மட்டும்தான் இதில் மகிழ்ச்சி இல்லை.

தாமாசோவின் பால்கனிக்கு வந்தது பார்சிலோனாவிலிருந்து ஒரு தம்பதி. ஃபெரான் பல் வைத்தியர். மிரேயா அவர் மனைவி. முந்தின நாளே வந்து தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு எதைப் பார்த்தாலும் அழகு. விறகு அடுக்கு அழகு, மாட்டு மணி அழகு, கூரையில் முளைத்த பாசி அழகு. தாமாசோவின் மாவுக்கட்டைக் கூட மிரேயா அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். ஃபெரான் குண்டான, சாதுவான மனிதர். யார் எதிரே வந்தாலும் சட்டென்று ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். காலையில் மாடிப்படியில் பூனை எதிரே வர, அவர் ஒதுங்கி நின்று, "நீங்க போங்க" என்று சொன்னதைக் காசில்தா பார்த்துவிட்டாள்.

"பூனைக்கே மரியாதை குடுக்கிற மனுஷன்டா சாமி" என்று கணவனிடம் வந்து சொன்னாள். "நீயும்தான் இருக்கியே, வாசல்ல பாதிரியாரே வந்தாலும் இடிச்சுட்டுப் போவே."

சொல்லிவிட்டு, குடல்கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு ஓடினாள். அவளுடைய கடை அங்கே. கால் ஒடிந்த கணவனை வைத்துக்கொண்டு இந்த ஒரு நாளை விடமுடியுமா? "அவன் இறங்கும்போது ஓடி வந்து பாத்துட்டுப் போயிருவேன்" என்று வாசலிலிருந்து கத்தினாள்.

பூசை முடிந்து மணி அடித்தது. புனித மரீனாவின் சுரூபத்தைத் தோளில் தூக்கிவந்து வாசலில் வைத்தார்கள். மேளக்காரர் சிரிலோ குச்சிகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். தாமாசோ பால்கனிக் கம்பியைப் பிடித்து எட்டிக் கீழே பார்த்தார்.

தலைகள். வைக்கோல் தொப்பி, துணித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஊர்த் தலைகளை அவருக்குப் பின்னாலிருந்தே தெரியும். அபுந்தியோவின் வழுக்கையில் ஏணியிலிருந்து விழுந்த தழும்பு இருக்கும். பேக்கரிக்காரர் திருநாளன்றும் வெள்ளைக் குல்லாயைக் கழற்றமாட்டார். ஒரு வரிசை தேடினார், இரண்டாவது வரிசை தேடினார். ஒருவர் கூட இல்லை. முன்வரிசை முழுக்கக் கைகள் மேலே உயர்ந்திருந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு போன்.

கடைசி நேரத்தில்தான் வருவார்கள், எப்போதும் அப்படித்தான், மதுக்கடையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வருவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேளம் கொட்டியது. குழல் ஊதியது. யாரும் ஓடி வரவில்லை.

முதல் பையன் இறங்கினான். பாவாடை குடையாக விரிய, தாளக்கட்டை சடசடக்க, பால்கனிக்குக் கீழே மஞ்சளாகச் சுழன்று போனான். கீழே கூட்டம் நகர இடமில்லாமல் நெருக்கி நின்றதால் தப்பித்தான். நாலைந்து பேர் மேல் விழுந்தான், அவர்களும் விழுந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண்ணின் மூக்குக்கண்ணாடி எங்கோ பறந்தது.

தாமாசோ இன்னும் எட்டிக் குனிந்தார். அடி பட்டவர்களைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்த அவர்கள் அடுத்தவனைத் தாங்கத் தயாராகவில்லை. ஒதுங்கி நின்று படம் எடுக்கத் தயாரானார்கள். ஊர்க்காரன் அடி பட்டால் காலை அழுத்தி ஊன்றுவான். வெளியூர்க்காரன் அடி பட்டால் இடத்தை மாற்றுவான். அதில் அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டாவது பையன் வந்தபோது கூட்டத்தின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. மூன்றாவது பையனுக்கு அது சந்தாகவே திறந்துவிட்டது. அவன் அந்தச் சந்தில் புகுந்து போய், தொட்டிக்கு ஒரு முழம் முன்னால் ஏதோ ஒரு தடித்த ஆளின் மேல் மோதி நின்றான். அந்த ஆள் அங்கே குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்.

"அபுந்தியோ!" தாமாசோ கத்தினார். "மெத்தைக்கு வாங்கடா! எங்கடா போய்த் தொலைஞ்சீங்க? மெத்தையில ஆள் இல்ல!"

மேளமும் குழலும் அவர் குரலை அப்படியே விழுங்கின. கீழே இருந்து சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். கால் கட்டுப் போட்ட ஒரு கிழவர் பால்கனியில் கையை ஆட்டிக் கத்துகிறார். அவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். "வாழ்க தாத்தா!" என்று ஒருவன் கத்தினான். மிரேயா தன் போனை அவர் பக்கம் திருப்பினாள். "எவ்வளவு உணர்ச்சி பாருங்க" என்று கணவனிடம் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தாமாசோ தன் போனை எடுத்தார். அபுந்தியோவுக்குப் போட்டார், காசில்தாவுக்குப் போட்டார். போன் செத்துக் கிடந்தது. இத்தனை ஜனம் ஒரே நேரத்தில் படம் அனுப்பினால் மலையுச்சியில் நிற்கும் அந்த ஒற்றைப் போன் கோபுரம் என்ன செய்யும்?

"ஐயா" என்றார் ஃபெரானிடம். "எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. கீழ போங்க. ஊர்க்காரங்க யாரைப் பாத்தாலும் சொல்லுங்க, மெத்தையில ஆள் இல்லன்னு. அவ்வளவு சொன்னாப் போதும். அபுந்தியோன்னு ஒருத்தன், வழுக்கை, கார் நிறுத்தற புல்வெளியில இருப்பான். பாலத்துக்கிட்ட என் பொண்டாட்டி இருக்கா."

"ஏன், என்ன ஆச்சு?"

"கடைசியா வர்றது என் பையன்."

ஃபெரான் கீழே பார்த்தார், பிறகு தாமாசோவின் முகத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டது. குண்டான மனிதருக்கு அது வேகம்தான்.

அவருடைய வெளிர்மஞ்சள் தொப்பி தெருவில் தெரிந்தது. புல்வெளிப் பக்கம் போகப் பார்த்தது, முடியவில்லை. பாலத்துப் பக்கம் திரும்பியது. அங்கேயும் சுவர் மாதிரி ஜனம். "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போனால் எப்படிப் போக முடியும்? இதற்குள் நான்காவது, ஐந்தாவது பையன்கள் இறங்கிவிட்டார்கள். ஒருவன் பக்கவாட்டில் போய்க் கடைத் துணியில் சுருண்டான். இன்னொருவனைக் கல்லூரிப் பெண்கள் சிலர் கட்டிப்பிடித்து நிறுத்தினார்கள். இறங்கியவர்கள் தலை கிறுகிறுப்பு அடங்கச் சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொய்க்காலின் வாரை அவிழ்ப்பது சீக்கிரத்தில் ஆகிற வேலை இல்லை. மேலே காத்திருப்பவனுக்குச் சேதி சொல்லவும் அவர்களுக்கு வழியில்லை. மேயரம்மா கோயில் வாசலில் மாகாணத்துப் பெரிய மனிதர்களுக்கு நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

தொப்பி திரும்பி வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்வரிசைக்கு வந்து, தொட்டிக்கு நேர் எதிரே நின்றது. ஃபெரான் நிமிர்ந்து பால்கனியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஆள் கிடைக்கவில்லை, நானே நிற்கிறேன் என்று அர்த்தம்.

தாமாசோவுக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. இடது கையால் தன் நெஞ்சில் அடித்துக் காட்டினார். ஃபெரான் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். தாமாசோ முகத்தைப் பக்கம் திருப்பிக் காட்டினார், ஃபெரானும் திருப்பினார். ஒரு காலை முன்னே வை என்று காட்ட அவரால் எழுந்து நிற்க முடியாது. பக்கத்தில் நின்ற மிரேயாவைக் காட்டச் சொன்னார். அவளும் செருப்புக் காலை முன்னே வைத்துக் காட்டினாள். இப்போது அவள் படம் எடுக்கவில்லை.

ஆறாவது பையன் வந்து ஓரமாகப் போனான். ஏழாவது பையன் ஃபெரானின் தோளை இடித்துக்கொண்டு போய், பின்னால் இருந்த கூட்டத்தில் புதைந்தான். ஃபெரான் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். தொப்பி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார். வலது கையால் தோளைப் பிடித்தபடி நின்றார். பால்கனியைப் பார்க்கவில்லை.

"ஐயா! நெஞ்சு! நெஞ்சைக் குடுங்க!" தாமாசோ கத்தினார்.

சிரிலோ எட்டாவது தடவையாக மேளத்தை எடுத்தார். எலோய் கோயில் வாசலில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, கையை விரித்து, முதல் சுற்றைச் சுற்றினான்.

அதற்கப்புறம் தாமாசோ வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது. ஆடுகிறவன் பார்வை தன் தோளுக்கு மேலே ஓரிடத்தில் நிற்க வேண்டும். அப்பா குரல் கேட்டால் பையன் தலையைத் திருப்புவான். தலை திரும்பினால் கால் போகும். போகாதே என்று சொல்லவும் வழியில்லை, பார்த்துப் போ என்று சொல்லவும் வழியில்லை. பெற்ற மகன் பால்கனிக்குக் கீழே கை எட்டும் தூரத்தில், பாவாடை விசிறிய காற்று முகத்தில் படும்படி சுழன்று போகிறான். அப்பாக்காரன் தன் கையையே பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நன்றாகத்தான் சுற்றினான் எலோய். அந்த எட்டுப் பேரில் அவன்தான் நேராக வந்தான். கொஞ்சம் கோணலாக வந்திருக்கக் கூடாதா என்று அவன் அப்பா வேண்டிக்கொண்டார்.

ஃபெரான் நின்றார். கடைசி நொடி வரை நின்றார். அதைத் தாமாசோ பார்த்தார். முகத்தைத் திருப்பி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எலோய் அவருக்கு முன்னால் வந்ததும் அவர் கால் தானாக ஓரடி பக்கத்தில் போனது. மாடிப்படியில் பூனைக்கு ஒதுங்கினாரே, அதே ஓரடி. அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒதுங்கினார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து, மரியாதையாக, முழுவதுமாக வழி விட்டது.

கல் தொட்டியில் மரம் அடிபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கைதட்டல்.

கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுந்துகொள்ளாமல் கிடக்கிற பையனைப் பார்த்த பிறகுதான் முன்னால் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தாமாசோ நாற்காலியிலிருந்து எழுந்தார், விழுந்தார். பலகைத் தரையில் மாவுக்கட்டை இழுத்துக்கொண்டு மாடிப்படியின் மேல்படி வரை போனார். அதற்குக் கீழே அவரால் போக முடியாது. மிரேயா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க, வேணாங்க" என்று அழுதாள். அங்கே உட்கார்ந்தால் தெருவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஓடுகிற காலடிகள். வழி விடுங்க, வழி விடுங்க என்று யாரோ கத்தினார்கள். அப்போது யாரும் விடவில்லை போலிருக்கிறது. மறுபடி மறுபடி கத்தினார்கள். பிறகு காசில்தாவின் குரல், வாசலிலிருந்து மேல்நோக்கி:

"தாமாசோ! மெத்தையில யாருமே இல்லையா?"

தாமாசோ ஒரு படி கீழே நகரப் பார்த்தார், மாவுக்கட்டு விடவில்லை.

"நீ மேல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ் பின்னால் ஓடினாள். அவள் ஓடி வந்து பார்ப்பதாகச் சொன்னவள்தான். குடல்கறிக்கு வரிசை நின்றது. இன்னும் ரெண்டு பேர், இன்னும் ரெண்டு பேர் என்று இருந்துவிட்டாள்.

முதலில் படி ஏறி வந்தது அபுந்தியோ, எலோயின் ஞானத்தகப்பன். மஞ்சள் மேலங்கி, கையில் வண்டி நிறுத்துகிற ரசீதுக் கட்டு. ஆள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தான்.

"வண்டிங்க வந்துக்கிட்டே இருந்துச்சுடா. ஒரு நிமிஷம் நகர முடியல. பேக்கரிக்காரன் நிப்பான்னு நெனச்சேன்."

"நான் நீ நிப்பேன்னு நெனச்சேன்" என்றார் பின்னால் நின்ற பேக்கரிக்காரர். கையெல்லாம் மாவு. "அடுப்புல ரொட்டி இருந்துச்சு. ஒருத்தன் இல்லன்னா என்ன, அத்தனை பேரு இருப்பாங்கன்னு..."

அவருக்குக் கீழே படியில் இன்னும் சிலர் நின்றார்கள். தேன் கடை, பால்கனி, கார், வறுவல் கடை. எல்லோர் வாயிலும் அதே வார்த்தைதான் இருந்தது. ஆளாளுக்கு அதைச் சொல்லிக் கேட்க தாமாசோவுக்குத் தெம்பு இல்லை. திட்டலாம். திட்டுவதற்கு ஊரில் இருக்கிற கெட்ட வார்த்தைகள் முழுவதும் அவருக்குத் தெரியும். ஆனால் தன் பால்கனியைத் தான் வாடகைக்கு விட்டது அவர் நினைவுக்கு வந்தது. விடாமல் இருந்திருந்தால் எலோய் அவரைத் தூக்கிப்போய்த் தொட்டி அருகிலேயே உட்கார வைத்திருப்பான். விருந்தாளிகளுக்கு யார் காபி கொடுப்பது, யார் கதை சொல்வது என்று மேலே ஏற்றியதும் அவர்தானே.

கடைசியாக ஃபெரான் வந்தார். சட்டையில் எலோயின் ரத்தம். அவர்தான் ஆம்புலன்ஸ் வரும் வரை பையனின் தலையை மடியில் வைத்திருந்தார் என்று அபுந்தியோ சொன்னான்.

"வழி விட்டுட்டேங்க" என்றார் ஃபெரான். "நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். சத்தியமா நின்னேன். அந்த வேகத்துல வர்றவனுக்கு இடம் வேணுமேன்னு கால் அதுவா ஒதுங்கிடுச்சு. நான் நெனச்சு செய்யல."

தாமாசோவுக்கு அவரைப் பிடித்துப் படியில் உருட்டிவிட வேண்டும் போல இருந்தது. அதே நேரம், இந்த ஊரிலேயே தன் பேச்சைக் கேட்டுக் கீழே போன ஒரே ஆள் இவர்தான் என்பதும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"உக்காருங்க" என்றார். "தோளு வீங்கியிருக்கு."

வெயில் இறங்கும் நேரத்தில் போன் உயிர் வந்து அடித்தது. காசில்தா மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள்.

"கால் எலும்பு ரெண்டு இடத்துல. இடுப்புலயும் விரிசல். தலைக்கு ஒண்ணுமில்ல. நடப்பானாம்."

"பொய்க்கால்ல ஏறுவானா?"

"கேட்டேன். டாக்டர் என்னப் பைத்தியக்காரிய பாக்கற மாதிரி பாத்தாரு." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முழிச்சதும் உன்னத்தான் கேட்டான். அப்பா மேலேருந்து பாத்தாரான்னு. நல்லா நேரா இறங்கினேனான்னு."

"என்ன சொன்னே?"

"பாத்தாருன்னு சொன்னேன்."

சாயங்காலம் மரீனாவை வழக்கமாக வைத்திருக்கும் சிற்றாலயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் முன் பையன்கள் இன்னொரு தடவை இறங்க வேண்டும். வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டும் என்று சொன்னது அந்த ஏழு பையன்கள். பேருந்துகள் போய்விட்டிருந்தன. தெருவெல்லாம் காகிதத் தட்டுகள். அபுந்தியோவும் பேக்கரிக்காரரும் ஏறி வந்து, ஒருவர் பின் ஒருவராக, தாமாசோவை நாற்காலியோடு படியில் இறக்கினார்கள். காலையில் ஒற்றைப் பையன் செய்த வேலை அது; இப்போது இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

கீழே மெத்தை நின்றது. அப்படி ஒரு மெத்தையைத் தாமாசோ தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. கடைக்காரன், கார்க்காரன், கழுதைக்காரன், நடக்கத் தெரிந்த அத்தனை ஆண்களும் வரிசை வரிசையாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, தொட்டியே தெரியாதபடி நின்றார்கள். பின்வரிசையில் ஒதுங்கி நின்ற ஃபெரானின் கையைப் பிடித்து இழுத்து, அபுந்தியோ நடுவில் நிறுத்தினான். தாமாசோவின் நாற்காலியை முன்வரிசையில் வைத்தார்கள். காலையில் இவர்களில் பாதிப் பேர் இருந்திருந்தால் போதும். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிரிலோ கொட்டினார். ஏழு பையன்களும் ஒவ்வொருவனாக இறங்கினார்கள். ஒவ்வொருவனையும் மெத்தை ஓரடி பின்வாங்கி உள்ளே வாங்கிக்கொண்டது. ஒருவனுக்கும் ஒரு கீறல் இல்லை.

ஏழாவது பையனைத் தாங்கி நிறுத்திவிட்டு ஆண்கள் நிமிர ஆரம்பித்தார்கள். சிலர் சுரூபத்தைத் தூக்க நகர்ந்தார்கள். சிரிலோ குச்சியைக் கீழே வைக்கவில்லை. எட்டாவது தடவையாக மேளத்தை எடுத்தார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் எப்போதும் எட்டுத் தடவைதான் கொட்டுவார்.

சரிவில் யாரும் இல்லை. கோயில் வாசலிலிருந்து தொட்டி வரை வெறும் கல். நகர்ந்தவர்கள் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவராக முகத்தைப் பக்கம் திருப்பி, ஒரு காலை முன்னே வைத்து நின்றார்கள். தாமாசோ நாற்காலியில் நிமிர்ந்து, கட்டுப்போட்ட தோளோடு நெஞ்சைக் கொடுத்தார். மேளம் மேலே தொடங்கி, தன் வீட்டுப் பால்கனியைத் தாண்டி, வேகமெடுத்துக் கீழே வருவது அவருக்குக் காதாலேயே தெரிந்தது. இதோ இப்போது எலோய் வந்திருப்பான் என்ற இடத்தில் பின்னால் நின்ற அபுந்தியோ பழக்கத்தில் அவர் முதுகை இறுக்கித் தாங்கினான். நெஞ்சில் எதுவும் வந்து மோதவில்லை. மேளம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் யாரும் காலை எடுக்கவில்லை.